லால்பாக்: ஏரியில் தொடங்கிப் பாறையில் முடியுங்கள்

பெங்களூருக்கு வேலையாகவோ கல்யாணத்துக்கோ வந்துவிட்டு, கையில் அரை நாள் மிச்சமிருக்கிறதே என்று லால்பாக் தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சுற்றுகிறார்கள். பதினோரு மணிக்கு உள்ளே நுழைந்து, பூக்கடிகாரம், கண்ணாடி மாளிகை, நாலு செல்ஃபி, அப்புறம் வெயில் தாங்காமல் வெளியே வந்துவிடுவது. 240 ஏக்கர் இடம் அது. தெற்குப் பக்கம் ஒரு பெரிய ஏரி இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "அவ்வளவு தூரம் நடக்கணுமா" என்று பாதியில் திரும்பிவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் லால்பாக்கின் உயிரே அந்த ஏரியும் அதைச் சுற்றியும் தாண்டியும் நிற்கிற மரங்களும்தான். பூச்செடிகளை எந்த ஊர்ப் பூங்காவிலும் பார்க்கலாம், ஆனால் நூறு நூற்றைம்பது வருஷம் யாரும் கை வைக்காமல் வளர்ந்த மரங்களுக்கு நடுவே, நகரத்தின் சத்தம் தேய்ந்துபோகிற அளவுக்கு உள்ளே நடக்கிற வாய்ப்பு எல்லா ஊரிலும் கிடைக்காது. அதனால் நான் சொல்கிற வழி இதுதான்: ஏரியிலிருந்து ஆரம்பியுங்கள், மரங்களுக்கு நிறைய நேரம் கொடுங்கள், பாறையில் முடியுங்கள். கண்ணாடி மாளிகை போகிற வழியில் தானாக வந்துவிடும்.

எப்போது போவது

பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கிறது, மாலை 7 மணிக்கு மூடுகிறார்கள். முடிந்தால் ஆறரைக்குள் உள்ளே இருங்கள். அந்த நேரத்தில் நடைப்பயிற்சிக்கு வரும் உள்ளூர்க்காரர்கள் நிறைய இருப்பார்கள், ஆனால் அவர்கள் பிரதான பாதைகளில் வேகமாகப் போய்க்கொண்டிருப்பார்கள், ஏரிக்கரையும் மரத்தடிகளும் உங்களுக்குத்தான். பறவைகளைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. பத்து மணிக்கு மேல் குடும்பங்களும் பள்ளிச் சுற்றுலாக்களும் வர ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம்.

காலையில் முடியாது என்றால் நான்கு மணிக்குப் போங்கள், ஆனால் வழியைத் தலைகீழாக மாற்றாமல் அதே வரிசையில்தான் போகச் சொல்வேன், ஏனென்றால் பாறையின் மேல் சூரியன் இறங்குகிறதைப் பார்க்கலாம். மூடும் நேரத்துக்கு முன்னாலேயே விசிலடித்து வெளியே அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் என்று பார்த்தால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை அருமையான காலம். இளஞ்சிவப்பு டபேபூயா குளிர்காலத்தில் பூக்க ஆரம்பிக்கும், பிப்ரவரி மார்ச்சில் மஞ்சள் டபேபூயா, அதை ஒட்டி ஊதா நிறத்தில் ஜகரண்டா, ஏப்ரல் மே வந்தால் நம்மூர் மயில்கொன்றை சிவப்பாகப் பற்றிக்கொள்ளும். இப்படி ஒன்று உதிரும்போது அடுத்தது பூக்கிற வரிசை பெங்களூருக்குத் தற்செயலாக அமைந்ததில்லை. 1908-லிருந்து 1932 வரை லால்பாக்கைப் பார்த்துக்கொண்ட ஜெர்மானியரான கிரும்பிகல், வருஷம் முழுக்க ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்கிற மாதிரி சாலையோர மரங்களைத் தேர்ந்தெடுத்து நடவேண்டும் என்று திட்டம் போட்டு நகரத்தை வளர்த்தவர். இன்றைக்கு பெங்களூர்க்காரர்கள் போட்டோ எடுத்துத் தள்ளுகிற அந்த இளஞ்சிவப்புத் தெருக்களில் அவர் யோசனையின் சாயல் இருக்கிறது.

மழைக்காலத்தில் வரவேண்டாம் என்று சொல்லமாட்டேன், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை லால்பாக்கின் பச்சை தனி ரகம். ஆனால் ஏப்ரல் மே மாதங்களில் சாயங்காலம் திடீரென்று காற்றோடு இடி மழை வரும், பெரிய மரங்களின் கிளைகள் முறிந்து விழுவது பெங்களூரில் சாதாரணம். வானம் இருண்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கூரை போட்ட இடத்துக்குப் போய்விடுங்கள்.

வாசல் முக்கியம்

நாலா பக்கமும் வாசல் இருக்கிறது, எதில் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த நாளே மாறிவிடும். மெட்ரோவில் வருவதுதான் சுலபம். மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்தில் ஏறித் தெற்கு நோக்கி வந்தால் சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட், நேஷனல் காலேஜ், அதற்கடுத்தது லால்பாக். இறங்கினால் மேற்கு வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. நான் சொல்கிற சுற்றுக்கு இந்த வாசல்தான் சரி. நுழைந்ததும் வலது கைப் பக்கமாகத் தெற்கே நடந்தால் ஏரி. வழி தெரியவில்லை என்றால் "கெரே எல்லி?" என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். தமிழில் கேட்டாலும் பதில் சொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து பஸ்ஸில் வந்து விடியற்காலை சாந்திநகரில் இறங்குகிறவர்களுக்கு இன்னும் வசதி. அங்கிருந்து லால்பாக் பக்கம்தான், ஆட்டோவில் ஏறினால் சீக்கிரம் வந்துவிடலாம். ஆனால் ஆட்டோக்காரர்கள் டபுள் ரோடு பக்க வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், அங்கே முதலில் கண்ணில் படுவது பாறை. பரவாயில்லை, அப்படி நுழைந்தால் பாறையைக் கடைசிக்கு வைத்துவிட்டு நேரே ஏரிக்கு நடந்துவிடுங்கள். பெட்டி படுக்கையோடு மட்டும் வராதீர்கள், உள்ளே இழுத்துக்கொண்டு அலைய முடியாது.

நுழைவுக் கட்டணம் அவ்வப்போது மாறுகிறது, கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்பதுண்டு, அதனால் வாசல் பலகையில் உள்ளதைப் பார்த்துக்கொள்வதே சரி. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் உள்ளே கூடாது. வீட்டிலிருந்தே ஒரு ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவாருங்கள். தொப்பி, நல்ல பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ, டிசம்பர் ஜனவரி காலை என்றால் ஒரு ஸ்வெட்டர். பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துவாருங்கள், இல்லாவிட்டாலும் ஏரியில் வெறும் கண்ணுக்கே நிறையத் தெரியும். அப்புறம், கழிப்பறை உள்ளே இருக்கிறது, ஆனால் நினைத்த இடத்தில் இருக்காது. பெரியவர்களும் குழந்தைகளும் கூட வந்தால் கண்ணில் படும் முதல் கழிப்பறையிலேயே வேலையை முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஏரி

பெங்களூரின் மற்ற ஏரிகளைப் போல இதுவும் கரை கட்டி மழைநீரைத் தேக்கிய ஏரிதான். கரையை ஒட்டி நடைபாதை இருக்கிறது. சுற்றி மரங்கள், தண்ணீருக்குள் சாய்ந்த கிளைகள், அதில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நீர்க்காகங்கள். அவை இறக்கையை இரண்டு பக்கமும் விரித்தபடி அசையாமல் நிற்பதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். வாத்துக்கு மாதிரி இவற்றின் இறகு தண்ணீரை முழுக்க விரட்டாது, நனைந்துவிடும். நனைவதால்தான் ஆழத்துக்கு முங்கி மீன் பிடிக்க முடிகிறது, அதற்கு விலையாக மேலே வந்து வெயிலில் காயவேண்டியிருக்கிறது. கழுத்து மட்டும் பாம்பு மாதிரி நீண்டு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் அது பாம்புத்தாரா.

கூழைக்கடாக்கள் இங்கே வரும். வேடந்தாங்கலிலோ நெல்லைப் பக்கம் கூந்தன்குளத்திலோ பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்காது, ஆனால் கோடிப் பேர் வாழும் நகரத்தின் நடுவில், பின்னணியில் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரிய, அவ்வளவு பெரிய பறவை தண்ணீரை உரசியபடி வந்து இறங்குவதைப் பார்ப்பது வேறு விஷயம். கரையோரப் புல்லிலும் நாணலிலும் கவனித்தால் ஊதா கலந்த நீல நிறத்தில், சிவப்பு அலகும் நீளமான சிவப்புக் காலுமாக நீலத்தாழைக்கோழி நடந்துகொண்டிருக்கும். தண்டைப் பிடுங்கி ஒரு காலால் பிடித்துக்கொண்டு, நாம் கரும்பு கடிப்பதுபோல உரித்துத் தின்னும், அதைப் பார்க்கக் குழந்தைகளுக்கு அவ்வளவு பிடிக்கும். மேலே வட்டமிடுகிறவற்றில் வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக இருப்பது செம்பருந்து, முழுக்கப் பழுப்பாக வால் நுனி பிளந்திருந்தால் கரும்பருந்து.

ஒரு சின்ன உபாயம் சொல்கிறேன். மேற்கு வாசலில் வந்து மேற்குக் கரையில் நின்று பார்த்தால் காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும், பறவைகள் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். அதனால் அங்கேயே நின்று போராடாமல் கரையோடு நடந்து கிழக்குப் பக்கம் போய், சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு பாருங்கள், நிறங்கள் அப்படியே எழுந்து வரும். மாலையில் இதற்கு நேரெதிர்.

தயவுசெய்து பொரி, ரொட்டி, பிஸ்கட் எதையும் தண்ணீரில் போடாதீர்கள். மீனுக்குப் புண்ணியம் என்று நினைத்துப் போடுகிறோம், சாப்பிடாமல் மிஞ்சியது அழுகித் தண்ணீரைக் கெடுக்கிறது. ஏரி கெட்டால் மேலே சொன்ன ஒரு பறவையும் இருக்காது. குழந்தைகள் கேட்டால் இதை அவர்களுக்கும் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

மரங்களுக்கு நடுவே

லால்பாக்கை ஹைதர் அலி 1760-ல் ஆரம்பித்தார், திப்பு சுல்தான் விரிவாக்கினார். பல நாடுகளிலிருந்து விதையும் கன்றும் வரவழைத்து நட்டார்கள். ஹைதர் தோட்ட வேலைக்காகத் தமிழ்ப் பகுதியிலிருந்து திகளர் சமூகத்தாரை அழைத்துவந்தார் என்று சொல்வார்கள்; பெங்களூரின் புகழ்பெற்ற கரகத் திருவிழாவை இன்றும் எடுத்து நடத்துவது அந்தச் சமூகம்தான். 1856-ல் இது அரசுத் தாவரவியல் பூங்கா ஆனது. அதற்குப் பிறகு வந்த பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரும் உலகத்தின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து மரம் கொண்டுவந்து வைத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் நல்லது, ஏனென்றால் இங்கே நீங்கள் பார்ப்பது இயற்கையாக முளைத்த காடு கிடையாது. ஒவ்வொரு மரத்தையும் யாரோ ஒருவர் யோசித்து, குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார். பல மரங்களில் பெயர்ப்பலகை இருக்கும், தாவரப் பெயரும் சொந்த ஊரும் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.

எல்லா மரத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் ஒன்றும் மனசில் நிற்காது. நான்கைந்தைத் தேடிப் போங்கள், போதும்.

முதலில் இலவ மரம். வெள்ளை இலவம் எங்கே என்று பூங்காவில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் காட்டுவார்கள், அதைத் தெரியாதவர்கள் இல்லை. நம் போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவந்தோப்புகளைப் பார்த்தவர்களுக்குக்கூட இது அதே மரம் என்று நம்ப முடியாது. அடியிலிருந்து புறப்படும் பலகை வேர்கள் ஆளுயரத்துக்குச் சுவர் மாதிரி எழுந்து பக்கவாட்டில் ஓடுகின்றன. இரண்டு வேருக்கு நடுவில் ஒரு குடும்பமே நிற்கலாம். அவ்வளவு உயரமான மரம் காற்றில் சாயாமல் முட்டுக்கொடுத்து நிற்பதற்கான ஏற்பாடு அது. குளிர்காலத்தில் இலையை முழுக்கக் கொட்டிவிட்டுப் பூக்கும். இரவில் விரிகிற பூ, வௌவால்கள்தான் மகரந்தம் சுமக்கும். கோடையில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும்போது அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அதிர்ஷ்டம்தான். ஒரே ஒரு வேண்டுகோள்: வேர் மேல் ஏறி நின்று போட்டோ எடுக்காதீர்கள், பெயரைக் கீறாதீர்கள். ஏற்கெனவே கீறியவர்கள் போதும், அந்த மரத்தால் தாங்க முடிவதை எல்லாம் தாங்கிவிட்டது.

நாகலிங்க மரம் சிவன் கோயில்களில் பார்த்ததுதான். இங்கே நிதானமாகப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கிளை நுனியில் பூக்காமல், அடிமரத்திலிருந்தே சவுரி மாதிரி தொங்கும் கொத்துகளில் பூக்கிறது. பூவின் நடுவில் சின்ன லிங்கம், அதன் மேல் குடை பிடிக்கும் நாகத்தின் படம். அந்தப் படத்தை லேசாக நிமிர்த்திப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க மகரந்தத் தாள்கள், அந்த லிங்கத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் குட்டைத் தாள்கள். கீழே விழுந்த பூவை எடுத்துப் பார்த்தாலே போதும், மரத்திலிருந்து பறிக்கவேண்டாம், வாசனை ஒரு மணி நேரம் கையை விட்டுப் போகாது. நம் கோயில்களோடு இவ்வளவு ஒட்டிப்போன இந்த மரத்தின் தாய்வீடு தென்னமெரிக்கா. தலைக்கு மேலே பீரங்கிக் குண்டு மாதிரி காய்கள் தொங்கும், நேர் கீழே உட்காராதீர்கள்.

கிருஷ்ண ஆல் என்று ஒன்று உண்டு. ஆலமரம்தான், ஆனால் இலையின் அடிப்பகுதி மடிந்து சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். கண்ணன் வெண்ணெய் திருடி இந்த இலையில் ஒளித்துவைத்தான் என்று கதை. குழந்தைகளிடம் கதையை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் இலையைத் தேடச் சொல்லுங்கள், தரையில் உதிர்ந்ததிலேயே கிடைக்கும்.

தூங்குமூஞ்சி மரங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை, குடை விரித்த மாதிரி பாதி வானத்தை மூடிக்கொண்டு நிற்கும். சாயங்காலம் இருந்தால் இலைகள் இரண்டிரண்டாக மூடிக்கொள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஊசி மாதிரி ஒல்லியாக, உயரமாக நிற்கும் குக் பைன் மரங்கள் பசிபிக் கடல் தீவான நியூ கலிடோனியாவைச் சேர்ந்தவை. உலகத்தின் எந்தப் பகுதியில் நட்டாலும் இந்த இன மரங்கள் நிலநடுக்கோட்டுப் பக்கமாகச் சாய்ந்து வளர்கின்றன என்று 2017-ல் ஆராய்ச்சியாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். அப்படியென்றால் இங்கே தெற்குப் பக்கம் சாயவேண்டும். போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அப்புறம் மாமரங்கள், திப்பு காலத்தவை என்று சிலவற்றைக் காட்டுவார்கள்.

பழைய மரங்களில் பொந்து தெரிந்தால் கீழே தரையைப் பாருங்கள். வெள்ளையாக எச்சம் படிந்திருந்தால் மேலே புள்ளி ஆந்தை இருக்க வாய்ப்பு அதிகம், பகலிலேயே பொந்து வாசலில் உட்கார்ந்து நம்மை முறைத்துப் பார்க்கும். உயரமான கிளைகளில் மலைத்தேனீ அடைகள் தொங்கும் காலங்களில் மட்டும் கவனம் தேவை: கல் எறிவது, அடியில் புகை போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம், தேனீக்கள் கலைந்து பறப்பது தெரிந்தால் சத்தம் போடாமல் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

கண்ணாடி மாளிகையும் கல்மரமும்

கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பர் 30 அன்று விக்டோரியா ராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். லண்டனில் இருந்த கிரிஸ்டல் பேலஸை மனதில் வைத்துக் கட்டியது. அப்போது பூங்காவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் ஜான் கேமரூன். நம் வீட்டுக் கூட்டிலும் சாம்பாரிலும் போடுகிற சௌசௌவை லால்பாக் வழியாக இந்தப் பக்கம் பரப்பியவர் அவர்தான், பெங்களூர்க் கத்திரிக்காய் என்று நாம் அதைச் சொல்வதற்கும் அதுதான் காரணம். கண்காட்சி இல்லாத நாட்களில் உள்ளே ஒன்றும் பெரிதாக இருக்காது, வெளியிலிருந்து இரும்பு வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு நகரலாம்.

ஆனால் ஒன்றைத் தவறவிடாதீர்கள். பூங்காவுக்குள் ஒரு கல்மரம் வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலிருந்து வந்தது, சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை. திருவக்கரை வக்கிரகாளி கோயிலுக்குப் போனவர்கள் அங்கே கல்மரப் பூங்காவைப் பார்த்திருப்பார்கள், அங்கிருந்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறை கொடுத்தது இது. கண்ணுக்கு மரக்கட்டைதான், தொட்டால் கருங்கல். நம் மண்ணில் கிடைத்த மரம், பக்கத்தில் உலகம் பூராவும் இருந்து வந்த உயிருள்ள மரங்கள். ஐந்து நிமிஷம் நின்று பார்க்கத் தகுந்த காட்சி.

பாறை

வெயில் ஏறுவதற்குள், ஒன்பது ஒன்பதரைக்குள், பாறைக்கு வந்துவிடுங்கள். மேலே துளி நிழல் கிடையாது. உச்சியில் இருக்கும் சின்ன கோபுரம் கெம்பே கௌடா பெயரால் நிற்கும் நான்கு கோபுரங்களில் ஒன்று. நகரம் இதுவரைதான் வளரும் என்று எல்லை குறித்தவை என்பது ஊரில் வழங்கும் பேச்சு. மேலே நின்று நாலாபக்கமும் பார்த்தால் அந்த எல்லையை நகரம் எப்போதோ விழுங்கிவிட்டது தெரியும்.

எல்லோரும் அந்தக் கோபுரத்தைப் போட்டோ எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். உண்மையான அதிசயம் காலடியில் இருக்கிறது. இந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். திருவக்கரைக் கல்மரம் இதற்கு முன்னால் நேற்றுப் பிறந்த குழந்தை. 1916-ல் மைசூர் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் இந்தப் பாறையை ஆராய்ந்து 'பெனின்சுலர் நைஸ்' என்று பெயர் வைத்தார், தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளமாக இருக்கும் பாறை வகைக்கே அந்தப் பெயர் நிலைத்தது. 1975-ல் இதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள், அங்கே பலகை இருக்கிறது.

குனிந்து உட்கார்ந்து பாருங்கள். வெளிர் நிறத்திலும் கறுப்பிலும் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடும், சில இடத்தில் நேராக, சில இடத்தில் மடிந்து சுழன்று. வெளிர் பட்டையில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், கறுப்புப் பட்டையில் பெரும்பாலும் கருமைக்கா. காலை வெயில் சாய்வாக விழும்போது அந்த மைக்கா துணுக்குகள் மினுமினுக்கும். பூமிக்கு அடியில் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் கல் இளகி நெளிந்ததன் தடம் அந்த மடிப்புகள். பள்ளியில் புவியியல் படிக்கிற பிள்ளைகள் கூட இருந்தால் இந்த ஓர் இடத்துக்காகவே அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மழை பெய்த பிறகு பாறை வழுக்கும், வயதானவர்களைக் கையைப் பிடித்து ஏற்றுங்கள். ஏற முடியாதவர்கள் கீழேயிருந்தே பார்க்கலாம், சரிவின் அடியிலும் அதே பட்டைகள்தான்.

மலர்க்கண்காட்சி நாட்களில்

குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி கண்ணாடி மாளிகையில் மலர்க்கண்காட்சி நடக்கும். லட்சக்கணக்கான பூக்களால் ஏதாவது ஒரு கோயிலோ கோட்டையோ சிலையோ செய்து வைத்திருப்பார்கள், உழைப்பைக் குறை சொல்ல முடியாது, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஏரியும் மரமும் பார்க்க அந்த நாட்கள் உதவாது. கூட்டம் நெரியும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, டிக்கெட் வரிசை நீளும். கண்காட்சிதான் வேண்டும் என்றால் வார நாளில், திறந்த உடனே, மெட்ரோவில் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். லால்பாக்கைப் பார்க்க இன்னொரு நாள் வாருங்கள்.

நடக்க முடியாத பெரியவர்களுக்கு பேட்டரி வண்டி ஓடுகிறது, பணம் கட்டி ஏறிக்கொள்ளலாம். அது முக்கிய இடங்களைச் சுற்றிக் காட்டும், நிறுத்தி நிதானமாகப் பார்க்கவிடாது. அதனால் நான் சொல்வது, பெரியவர்களை ஏரிக்கரையில் நிழலான ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, ஃபிளாஸ்க்கில் காபியும் கையில் பைனாகுலரும் கொடுத்துவிடுங்கள்; மற்றவர்கள் மரங்களைச் சுற்றிவிட்டு வரும்வரை அவர்களுக்குப் பொழுது நன்றாகவே போகும்.

சுற்றி முடிக்க மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். முடித்ததும் பசிக்கும். 1924-ல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகம் லால்பாக் சாலையில் இருக்கிறது, ரவா இட்லிக்குப் பேர் போன இடம், முந்திரி வைத்து நெய்யோடு வரும். பாறைப் பக்கத்து வாசலில் வெளியே வந்து ஆட்டோ பிடித்தால் சில நிமிடம்தான். திங்கள்கிழமை அவர்களுக்கு விடுமுறை. மற்ற நாட்களில், அதுவும் ஞாயிறு காலையில், பேர் எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருக்க மனசில்லை என்றால் காந்தி பஜார் பக்கம் போய் வித்யார்த்தி பவனில் மசால் தோசை, அங்கேயும் வரிசை உண்டு, ஆனால் இரண்டு இடத்திலுமே காத்திருந்ததற்குக் குறை வைக்காமல் சாப்பிட்டு வரலாம்.